வேலாயி வைத்த முன்பண்டம்

கரட்டுக் காட்டில் வேலாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. முதுகு முழுக்க முள். ஆனால் தன்னைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகச் சொல்லிவிட்டால் அதற்கு மூன்று நாள் தூக்கம் வராது. நாலு பேர் மத்தியில் கௌரவம் போய்விடக் கூடாது. அதற்கு எப்போதும் அந்தக் கவலைதான்.

போன மழைக்காலத்தில் ஒரு பாறை உருண்டு வேலாயியின் பின்னங்காலை நசுக்கிவிட்டது. மூன்று மாதம் வளையை விட்டு வெளியே வர முடியவில்லை. அப்போது அதைச் சாகவிடாமல் காப்பாற்றியவர்கள் நான்கு பேர். காட்டுப்பன்றி தினமும் கிழங்கு தோண்டிக்கொண்டு வந்தது. முயல் கீரை கொண்டுவந்தது. ஆமை குளத்திலிருந்து தாமரைக்கிழங்கை இழுத்து வந்தது. ஒரு கிழங்கு வந்து சேர ஒரு நாள் ஆகும் என்பது வேறு விஷயம். நரி ஒன்றும் கொண்டுவரவில்லை. ஆனால் சிறுத்தை அந்தப் பக்கம் நடமாடிய நாட்களில் வளை வாசலிலேயே படுத்துக் காவல் காத்தது.

கால் சரியானதும் வேலாயி நால்வரையும் அழைத்தது.

"அமாவாசை கழிச்சு மூணாம் நாள் மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு. யாரும் வராம இருந்துடாதீங்க."

அழைத்தபோது சேமிப்புப் பொந்தில் கிழங்கு நிறைய இருந்தது. விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் திறந்து பார்த்தால், அத்தனையையும் கறையான் அரித்துவிட்டிருந்தது. வெளியிலோ கொளுத்துகிற கோடை. நாள் முழுக்க அலைந்து கிடைத்தது, காற்றில் விழுந்த ஒரு குலை நுங்கும், வற்றிக்கொண்டிருந்த குளத்துச் சேற்றில் கொஞ்சம் தாமரை விதையும், ஒரு பிஞ்சு வெள்ளரிக்காயும்தான்.

காட்டுப்பன்றி ஒருத்தனுக்கே அது காணாது.

'இவ்வளவுதான் இருக்கிறது, இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுவோம்' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பட்டினி என்றால் என்னவென்று தெரியாதவர்களா அவர்கள்? வேலாயிக்குத்தான் வாய் வரவில்லை.

அந்த நேரத்தில் மைனா வந்து சேர்ந்தது. மலைமேல் இருக்கும் பயணியர் பங்களாவின் தாழ்வாரத்தில் அது கூடு கட்டியிருந்தது. அதனால் நாகரிகம் முழுவதும் தனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தது.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கே? அங்க வர்ற பெரிய மனுஷங்க எப்படிச் சாப்பிடுறாங்க தெரியுமா? எல்லாம் அடுப்புல ஏத்தாத பண்டம். தொட்டா ஜில்லுனு இருக்கும். ஒரு வாய் அளவுதான். குச்சியில குத்தி, தட்டுல பூ மாதிரி அடுக்கி வெச்சிருப்பாங்க. ஆளுக்கு ரெண்டு மூணு எடுத்துக்கிட்டு நின்னுக்கிட்டே பேசுவாங்க. அதுக்குப் பேரு முன்பண்டம்."

"அது போதுமா அவங்களுக்கு?"

"சிரிச்சுக்கிட்டே சாப்பிடுறாங்க. ஒருத்தர்கூடக் குறை சொல்லி நான் கேட்டதில்ல."

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் உள்ளே போயிடுவாங்க. உள்ளே என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. நான் தாழ்வாரத்தோட சரி."

அந்தக் கடைசிப் பேச்சை வேலாயி கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் அதற்கு மேல் யார்தான் கேட்கிறார்கள்?

விருந்தன்று விடியும்போதே வேலை தொடங்கியது. நுங்குச் சுளைகளைத் தோல் உரித்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கியது. வெள்ளரிக்காயை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாகச் சீவியது. கீழே ஒரு வெள்ளரி வில்லை, அதன்மேல் நுங்குத் துண்டு, அதன்மேல் தோல் நீக்கிய தாமரை விதை, உச்சியில் புளிப்புக்கு ஒரு புளியாரை இலை. குச்சிக்கு எங்கும் போக வேண்டியதில்லை. தன் முதுகிலிருந்து உதிர்ந்த சிறு முட்களைக் கழுவி, ஒவ்வொன்றையும் குத்தி நிறுத்தியது. குளத்தில் கடைசியாகப் பூத்திருந்த தாமரையின் இதழ்களில் ஆளுக்கு மூன்றாக வைத்து, குளிரட்டும் என்று ஊற்றோரத்து ஈரமணலில் இறக்கி, இலையால் மூடியது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மத்தியானம் விருந்தாளிகள் வந்தார்கள். ஆமை முந்தின நாளே கிளம்பியிருந்தது. காட்டுப்பன்றி காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல் வந்திருந்தது. முயலுக்கு நிறைமாதம், நடக்கும்போதே மூச்சு வாங்கியது. நரியை மட்டும் காணோம்.

"அவர் வர்றப்போ வரட்டும்" என்று சொல்லி வேலாயி தாமரை இதழ்களைக் கொண்டுவந்து வைத்தது.

"என்னக்கா இது, தொடவே மனசு வரல. இவ்வளவு அழகா இருக்கு" என்றது முயல்.

வேலாயியின் முட்கள் பெருமையில் சிலிர்த்தன. "இதுக்குப் பேரு முன்பண்டம். பங்களாவுல இப்படித்தான்."

காட்டுப்பன்றியின் முகம் மலர்ந்தது. "முன்பண்டமா? அப்போ பின்னால சாப்பாடு வருதுன்னு சொல்லுங்க."

'முன்' என்று ஒரு சொல்லைச் சொன்னால் 'பின்' என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அப்போதுதான் வேலாயிக்கு உறைத்தது. இல்லை என்று சொல்ல அந்தக் கணம் போதும். ஆனால் வாயிலிருந்து "ஆமா" என்றுதான் வந்தது.

முயல் ஒன்றை மட்டும் எடுத்துச் சாப்பிட்டது. மீதி இரண்டையும் இதழோடு காட்டுப்பன்றியின் பக்கம் தள்ளியது.

"நீங்க சாப்பிடுங்கண்ணா. நான் வயித்துல இடம் வெச்சுக்கிறேன். ரெண்டு நாளா பச்சையா ஒரு புல்லுகூடக் கிடைக்கல. இன்னைக்கு அக்கா வீட்டுச் சாப்பாட்டை நம்பித்தான் வந்திருக்கேன்."

"வேண்டாம் முயலு, நீயே சாப்பிடு. இது உனக்கு வெச்சது" என்று வேலாயி பதறியது.

"இருக்கட்டும் அக்கா. இதுலயே வயித்தை நிரப்பிட்டா நீங்க ஆசையா செஞ்சதை எப்படிச் சாப்பிடுறது?"

அதற்குள் காட்டுப்பன்றி இரண்டையும் விழுங்கிவிட்டது. ஆமையும் தன் பங்கில் ஒன்றை அதற்கே கொடுத்தது. பிறகு மூவரும் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, வளை வாசலையே பார்த்தார்கள்.

"சாப்பாட்டைப் பார்த்துட்டு வர்றேன்" என்று வேலாயி வளைக்குப் பின்னால் போனது. பார்க்க அங்கே என்ன இருக்கிறது? கறையான் அரித்த வெறும் பொந்துதான். அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டது.

வாசலில் பேசுவது நன்றாகக் கேட்டது.

"வாசனையே வரலியே" என்றது ஆமை.

"நல்லா மூடி வெச்சிருப்பாங்க தாத்தா. அக்கா கைப்பக்குவம் அப்படி" என்றது காட்டுப்பன்றி.

சற்று நேரம் கழித்து, "எனக்குக் கண்ணை இருட்டுற மாதிரி இருக்கு. கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்" என்றது முயல்.

வேலாயிக்கு மண்ணைத் தோண்டி உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தன்னைப் பெரிதாகக் காட்டப் போய், நிறைமாதக்காரியின் வாயிலிருந்து இரண்டு கவளத்தைப் பிடுங்கியாகிவிட்டது. இப்போது எந்த முகத்தோடு வெளியே போவது?

மைனா மெதுவாக வந்து காதருகே உட்கார்ந்தது. "நரி வந்து எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லிடு. அவன்தான் இன்னும் வரலியே. யாரு கேட்டாலும் நம்புவாங்க."

வேலாயி வெளியே வந்தது. தலையைத் தூக்காமல் சொன்னது.

"மோசம் போயிட்டேன். வெச்சிருந்த சாப்பாட்டையெல்லாம் நரி தூக்கிட்டுப் போயிட்டான்."

யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அதான் ஆளைக் காணோம்" என்றது ஆமை. "அந்தப் புத்தி எங்க போகும்" என்று சொல்லிக் காட்டுப்பன்றி எழுந்தது.

சரியாக அந்த நேரத்தில் புதர் விலகி நரி வந்தது. வாயில் ஒரு பெரிய வெள்ளரிப்பழம். உடம்பெல்லாம் ஆற்றுமணல். காட்டுப்பன்றி ஒரே பாய்ச்சலில் அதை முட்டித் தள்ளியது. பழம் உருண்டது. நரி எழுவதற்குள் காட்டுப்பன்றியின் கோரைப்பல் அதன் கழுத்தருகே வந்துவிட்டது.

"நிறுத்து!" என்று வேலாயி கத்தியது. "அவர் எடுக்கல. யாருமே எடுக்கல. சாப்பாடே இல்ல. அந்த முன்பண்டம்தான் மொத்தமும். என்கிட்ட இருந்ததே அவ்வளவுதான். நான் பொய் சொன்னேன்."

காட்டுப்பன்றி விலகியது. நரி எழுந்து மணலை உதறியது. யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் வேலாயிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வெறுங்கையோட வந்து தின்னுட்டுப் போறான்னு சொல்லிடக் கூடாதேன்னு ஆத்துப்படுகை வரைக்கும் போனேன். அதான் நேரமாயிடுச்சு" என்றது நரி. பிறகு வேலாயியைப் பார்த்துக் கேட்டது. "பொய் சொல்லணும்னு நினைச்சதும் என் பேருதான் முதல்ல வந்துச்சா?"

வேலாயியால் அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமா" என்றது.

"கேட்டதும் நாங்களும் நம்பிட்டோம்" என்றது ஆமை. சொல்லிவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

வெள்ளரிப்பழம் தானாகவே வெடித்திருந்தது. வேலாயி அதை அப்படியே எடுத்துப்போய் முயலின் முன்னால் வைத்தது. முயல் சாப்பிடச் சாப்பிட அதன் கண்ணில் தெளிவு வந்தது. காட்டுப்பன்றி ஒரு மூலையில் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டது. "அவ பங்கையும் நான்தானே முழுங்கினேன்" என்று முணுமுணுத்தது. பழத்தில் ஒரு துண்டுகூட அதற்கு வேண்டியிருக்கவில்லை.

"நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க" என்று நரிக்கு வைத்திருந்த தாமரை இதழை வேலாயி நீட்டியது.

"அதையும் முயலுக்கே குடுங்க. எனக்கு வேலை இருக்கு" என்றது நரி. அந்த வீட்டில் கை நனைக்காமலே போய்விட்டது. மைனாவை அதற்கு முன்பே காணோம்.

மறுநாள் வேலாயி காலை முழுக்க அலைந்தது. ஒரே ஒரு நுங்குச் சுளையும் இரண்டு தாமரை விதையும்தான் கிடைத்தன. அடுக்கவில்லை, இலை வைத்து அலங்கரிக்கவில்லை. ஒரு பூவரச இலையில் வைத்து எடுத்துக்கொண்டு நரியின் குகை வாசலில் போய் நின்றது. வெயிலில் நடந்து வந்ததில் நுங்கு சூடாகிவிட்டிருந்தது.

நரி வெளியே வந்து இலையைப் பார்த்தது. "இது முன்பண்டமா?" என்று கேட்டது.

வேலாயி தலையைக் குனிந்துகொண்டது. "இல்ல. இவ்வளவுதான் இருக்கு. இதுக்குப் பின்னால ஒண்ணும் கிடையாது."

நரி உட்கார்ந்து, நுங்கை இரண்டாகக் கடித்து, பாதியை இலையில் வேலாயியின் பக்கம் தள்ளியது.

இருப்பது கொஞ்சம்தான் என்று ஒத்துக்கொள்ளும் வெட்கம் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். அதை மறைக்கப் போனால் பசித்தவள் வாயிலும் குற்றமில்லாதவன் தலையிலும் கை வைக்க வேண்டிவரும்.