ஒன்றரை விரற்கடைப் படை

வெண்ணாற்றுச் சீமையை ஆண்ட கனகசேகர பூபதிக்கு நாட்டில் சண்டையே இல்லாமல் பொழுது போகவில்லை. அதனால் ஆகாயத்தில் ஒரு சண்டையை மூட்டிவிட்டார். நட்சத்திரங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், பறக்கும் தேரில் ஏறி நெருப்புக் கதிரால் ஒருவரையொருவர் சுடுகிறார்கள் என்று எவனோ ஒரு தேசாந்திரி அளந்துவிட்டுப் போனான். அவ்வளவுதான், ராஜாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சபை நடுவே எட்டு முழ நீளத்தில் ஒரு தேக்குப் பலகை வந்தது. அதன்மேல் பித்தளைப் பொம்மைகளை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, விண்போர் ஆடுவதென்று முடிவானது. பௌர்ணமியன்று பக்கத்து நாட்டு ராஜா ஆட வருகிறார். எல்லாம் தயார். பொம்மை என்ன உயரம் என்பதில்தான் வந்தது வினை.

தளவாய் ரணசூரர் ஒரு முழ உயரத்தில் செய்வித்தார். மீசை முடியைக்கூட எண்ணலாம். ஆனால் நாற்பது வீரர்களை நிறுத்தியதும் பலகை நிரம்பிவிட்டது. நகர இடமில்லாமல் கல்யாணப் பந்தி மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மந்திரி அரிசி மணி அளவில் செய்வித்தார். பத்தாயிரம் பேர் தாராளமாக நின்றார்கள். முகம் பார்க்க ஆசைப்பட்டு ராஜா குனிந்தார். ஒரு தும்மல் போட்டார். இடது அணி மொத்தமும் மந்திரியின் மடியில் போய் விழுந்தது.

சபையே மூச்சை அடக்கிக்கொண்டது. விடங்கன் மட்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். சபையின் விகடகவி அவன். சிரிக்க வைப்பது அவன் வேலை. சிரிப்பது அவன் வேலை இல்லை என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

தளவாய்க்கு வெல்லம் சாப்பிட்டது போல இருந்தது. விடங்கனின் ஆசனத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவர் எத்தனை நாளாகக் காத்திருந்தார்!

"மகாராஜா, சிரித்தவனே அளவு சொல்லட்டும். ஆனால் தங்கள் படை குறைத்துச் செய்த படையாக இருந்தால் தங்களுக்குத்தான் இழுக்கு. அசல் உயரத்தில் ஒரு நூல்கூடக் குறையக் கூடாது. அப்படி ஆயிரம் வீரர்கள் இந்தப் பலகையிலேயே நிற்க வேண்டும்."

கோபத்தில் இருந்த ராஜா யோசிக்கவே இல்லை. "அப்படியே ஆகட்டும். மூன்று நாள் தருகிறேன், விடங்கா. முடியாவிட்டால் யானைக் கொட்டாரத்தில் சாணி அள்ளப் போ. உன் ஆசனம் தளவாயின் மைத்துனனுக்கு."

விடங்கன் நேராக வார்ப்புக்காரி செம்பாயியின் பட்டறைக்கு ஓடினான். அவனுக்கு யானை என்றாலே பயம்.

"செம்பாயி, ராஜாவை விடு. உன் கைக்குத் தோதான உயரம் எது?"

"ஒன்றரை விரற்கடை சாமி," என்றாள் அவள் பட்டென்று, விரலைக் குறுக்கே வைத்து அகலம் காட்டி. "ரெண்டு விரலால தூக்கலாம். கண்ணு எழுதலாம். ஆயிரம் பேரு நின்னாலும் ஓடியாட எடம் இருக்கும். ஆனா பாதத்துலேருந்து கண்ணு வரைக்கும்தான் அளவு. தலைக்கவசத்தைச் சேக்கப்படாது. அது அவனவன் வீராப்புக்குத் தக்கன நீளும்."

"சரி, வார்த்துவிடு."

"அசல் உயரம்னு ராசா கேட்டாராமே?"

"அது என் பாடு," என்றான் விடங்கன். உண்மையில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு ராத்திரி தூங்காமல் புரண்ட பிறகுதான் தோன்றியது.

மூன்றாம் நாள் ஆயிரம் பொம்மைகள் பலகையில் பளபளத்தன. ராஜா ஒன்றை எடுத்து முகம் பார்த்தார், நகர்த்தினார், "டுமீல்!" என்று தானே சத்தம் போட்டார். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

தளவாய் குறுக்கே பாய்ந்தார். "அசல் உயரம் எங்கே? இது குறைத்துச் செய்தது!"

"எதிலிருந்து குறைத்தது, தளவாயே?"

"மனுஷ உயரத்திலிருந்துதான்!"

"இவர்கள் மனுஷர்கள் இல்லையே. நட்சத்திரவாசிகள். அவர்களுடைய அசல் உயரமே ஒன்றரை விரற்கடைதான். சந்தேகமிருந்தால் ஓர் ஏணி வைத்து ஏறிப் போய் அளந்துவிட்டு வாருங்கள். சபை காத்திருக்கும்."

சபை கொல்லென்று சிரித்தது. தளவாய் விடவில்லை. "படைக்கு ராஜா நம் மகாராஜா. அவர் மனுஷர்தானே? அவர் பொம்மை எங்கே?"

இதை விடங்கன் யோசிக்கவே இல்லை. யானைகளின் நாற்றம் மூக்கில் ஏறியது. தலையைத் தூக்கினான். பலகை ஓரத்தில் கன்னத்தில் கைவைத்துக் குனிந்திருந்தார் ராஜா.

"மகாராஜாவுக்குப் பொம்மை எதற்கு? அசல் உயரத்தில் இதோ உட்கார்ந்திருக்கிறாரே! அந்த வீரர்கள் அண்ணாந்து பார்த்தால் ஆகாயம் முழுக்க நம் மகாராஜாதான்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது. "படையை நடத்திப் போகும் தளபதி? அது நம் ரணசூரர் அல்லவா? அவரும் மனுஷர்தானே?"

"மனுஷர்தான், மகாராஜா. நிபந்தனையும் அவர் போட்டதுதான்," என்று விடங்கன் கைகட்டிச் சொன்னான். "ஆகவே அவரே பலகையில் ஏறி நிற்கட்டும். பொம்மைக்கு அசைய அனுமதியில்லை. அவர் முறை வரும்போது நான்கு பேர் தூக்கி நகர்த்துவார்கள்."

"ஆட்டம் எத்தனை நாள்?" என்றார் தளவாய் பதறிப்போய்.

"மூன்று நாள்," என்றான் விடங்கன்.

"ஏறும், ரணசூரரே! பௌர்ணமிக்கு இப்போதே நின்று பழகும்!" என்றார் ராஜா குதூகலமாக.

தளவாய் ஏறினார். பலகை கிறீச்சென்றது. வாளை ஓங்கியபடி நின்றார். மூக்கு அரித்தது. சொறிய முடியவில்லை. முதல் நாழிகை முடிவதற்குள் அவர் வீரமெல்லாம் வியர்வையாக ஓடியது.

"மகாராஜா, காப்பாற்றுங்கள்! எனக்கும் ஒன்றரை விரற்கடையில் ஒரு பொம்மை போதும்!"

ராஜா நெற்றியைச் சுருக்கினார். "அதெப்படி? அசல் உயரத்தில் ஒரு நூல்கூடக் குறையக் கூடாதே. விடங்கா, என்ன செய்வது?"

விடங்கன் பணிவாகக் குனிந்தான்.

"தாராளமாகச் செய்யலாம், மகாராஜா. தளவாயோடு இத்தனை வருஷம் பழகிய நான் சொல்கிறேன். ஒரு நூல்கூடக் குறையாது."

ராஜா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார். செம்பாயிக்குப் பொற்காப்பு போயிற்று. தளவாயைப் பலகையிலிருந்து இறக்கத்தான் நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.