பிலாத்துவின் தண்ணீர்

பெரிய வெள்ளிக்குப் பாடுகளின் நாடகம். கடற்கரை மணலில் பலகை மேடை போட்டு ஒத்திகை நடந்தது. ஆண்டவருக்குத் தீர்ப்பிட்ட பிலாத்து வேடம் கஸ்பாருக்கு. ஊர்த் தலைவனும் அவன்தான். மிக்கேல் அண்ணாவியிடம் நாடகம் படித்தே தலை நரைத்தவன்.

ஒத்திகை முடிந்து மணி அடித்தால் ஊர்க்கூட்டம்; தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் கஸ்பார். கரையில் கிடந்த ஊரார் வலைகளை அறுத்தவன் தொம்மைதான், குடும்பத்தோடு ஒதுக்கி வை என்று ஊரே நின்றது. வலை அறுபட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை தொம்மை எங்கே இருந்தான் என்பது கஸ்பாருக்குத் தெரியும். கஸ்பாரின் வள்ளத்தில், கஸ்பாரோடு, நடுக்கடலில். ஞாயிறு கடலுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க்கட்டு. சொன்னால் தலைவர் பதவி போகும். தொம்மையும் வாய் திறக்கவில்லை. கஸ்பார் வள்ளத்துச் சம்மாட்டி; தொம்மை அவனிடம் பிழைக்கிறவன்.

"அண்ணாவியாரே, ஒரு சந்தேகம்" என்றான் கஸ்பார்.

"வசனத்துலயா?"

"பிலாத்து மேல. குத்தம் இல்லன்னு சொல்லிப் பாத்தான். கூட்டம் கேக்கல. கையக் கழுவிட்டான். அவன் மேல என்ன தப்பு?"

"நடிச்சுக் காட்டு. பாப்போம்."

கூட்டம் கத்தியது. "சிலுவையில் அறையும்!" கஸ்பார் தாம்பாளத்தில் கையைக் கழுவினான்.

"மீனா அலசுத? கையத்தான கழுவுத?" என்றார் அண்ணாவி.

பெண்கள் பக்கம் சிரிப்பு. செம்பில் மிச்சமிருந்ததையும் ஊற்றி, நிதானமாகக் கழுவினான். "இந்தப் பழியில் எனக்குப் பங்கில்லை!" கம்பீரமாகத் திரும்பித் திரைக்குப் பின்னால் போனான்.

"லேய் தலைவரே! தாம்பாளம்?"

"யாராவது எடுப்பாங்க, அண்ணாவியாரே."

"கொண்டு வந்தவன்தான் கொண்டு போவணும். என் மேடை வழக்கம் தெரியாதாக்கும்?"

கஸ்பார் திரும்பி வந்து எடுத்தான். விளிம்பு வரை தண்ணீர். ஊற்ற இடம் தேடினான். முன்னால் பெண்கள். இடப்பக்கம் பிள்ளைகள். வலப்பக்கம் போனான்.

"தலைவரே, இங்கிட்டு வராதீரும்! பெட்டி நனைஞ்சா நீரா வாங்கித் தருவீரு?" ஆர்மோனியக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் போனான். சிலுவையைச் சாய்த்துவைத்துக்கொண்டு தொம்மை குந்தியிருந்தான். ஆண்டவரோடு சிலுவை சுமக்கும் சீமோன் வேடம் அவனுக்கு. வெளியே அவனைத் திட்டிய ஊர், அந்த வேடத்துக்கு வேறு தோள் தேடவில்லை.

தொம்மை நிமிர்ந்து பார்த்தான். தாம்பாளத்தைப் பார்த்தான். காலை மடக்கி ஒதுங்கிக்கொண்டான்.

"இங்கன ஊத்துங்க, சம்மாட்டி."

கஸ்பார் ஊற்றாமல் சட்டென்று திரும்பினான். தண்ணீர் தளும்பி அவன் காலிலேயே விழுந்தது.

கோயில் மணி அடித்தது. ஆட்கள் எழுந்து மணலைத் தட்டினார்கள். தாம்பாளத்தோடு மேடைக்கு வந்தான்.

"அண்ணாவியாரே, இத எங்க ஊத்த?"

அண்ணாவி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கழுவுததுக்கு முன்னால கேட்டிருக்கணும்."