ராஜா வயிற்றிலிருந்து விரட்டிய குடிகள்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், ரொம்பக் காலத்துக்கு முன்னே நெடுங்கரை என்று ஒரு சீமை இருந்தது. அதை ஆண்டவர் கோமாறன் ராஜா. நாட்டை நன்றாகத்தான் ஆண்டார். யாராவது காதில் எதையாவது போட்டால் உடனே நம்பிவிடுவார், அது ஒன்றுதான் கோளாறு.

தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ராஜாவும் மந்திரி பெருநம்பியும் ஆளுக்கொரு செம்பு மோரை வைத்துக்கொண்டு பேசிச் சிரிப்பார்கள். நாட்டுக் காரியம் பாதி அங்கேயே முடிந்துவிடும். அரண்மனை வைத்தியர் மார்க்கசகாயருக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். மோர் நின்றால் மந்திரியின் பேச்சும் நின்றுவிடும் என்று நினைத்தார் மனுஷர்.

“மகாராஜா, பாலைத் தயிராக்குவது யார் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். கோடிக்கணக்கில் தங்கள் வயிற்றில் இறங்கிக் குடித்தனம் நடத்துகின்றன,” என்றார்.

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னைக் கேட்காமல் என் வயிற்றில் குடியேற யார் இடம் கொடுத்தது?”

“அதைத்தான் நானும் கேட்கிறேன். பேதி மருந்து கொடுத்து ஒன்று விடாமல் விரட்டுகிறேன். தயிர், மோர், புளித்த மாவு, எதுவும் இனி ஊரிலேயே இருக்கக் கூடாது.”

தண்டோரா போட்டார்கள். ஊரில் இருந்த உறைமோரெல்லாம் சாக்கடைக்குப் போயிற்று. வெள்ளிக்கு வெள்ளி ராஜாவுக்குப் பேதி, மற்ற நாளில் வெறும் கஞ்சி.

கொஞ்ச நாளில் ராஜா ராஜாவாகவே இல்லை. தூக்கம் போயிற்று. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார், பிறகு தனியாக உட்கார்ந்து அழுதார். அரண்மனைக்குத் தயிர் ஊற்றிவந்த காயாம்பூ ஒரு கலயம் மோரை ஒளித்துவைத்திருக்கிறாள் என்று யாரோ சொல்ல, நேரே போய் அவள் பானைகளைத் தன் கையாலேயே உடைத்தார். பிள்ளைகுட்டியோடு ஆற்றுக்கு அக்கரைக்கு விரட்டினார். அவள் உடைந்த ஓட்டில் ஒட்டியிருந்த மோரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

ராஜாவின் சின்ன மகள் செங்கமலம், அப்பா வருகிற சத்தம் கேட்டாலே தூணுக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தாள். பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு நடுங்குவதைப் பார்த்து ராஜா வெட்கத்தில் குன்றிப்போவார். நாளைக்கு இப்படி இருக்கக் கூடாது என்று நினைப்பார். விடிந்தால் அதே கதைதான்.

கடைசியில் சபையைக் கூட்டினார். “யாரோ என் புத்தியைக் கெடுக்கிறார்கள். அது யார் என்று எனக்குத் தெரியவேண்டும்.”

“மந்திரி செய்வினை வைத்திருக்கலாம்,” என்றார் வைத்தியர் மெதுவாக. அவர் எப்போதுமே மெதுவாகத்தான் பேசுவார்.

“பெருநம்பி, அமாவாசைக்குள் ஆளைக் காட்டும். இல்லாவிட்டால் நீரும் அக்கரைக்குப் போகலாம்.”

“காட்டுகிறேன் மகாராஜா. ஆனால் தங்களை இந்த நிலையில் விட்டுவிட்டு வைத்தியர் வீட்டுக்குப் போவது நியாயமா? அதுவரை இங்கேயே தங்கட்டும். தாங்கள் சாப்பிடுவதையே சாப்பிடட்டும், தாங்கள் குடிக்கிற மருந்தையே குடிக்கட்டும்.”

சபை நடுவே மாட்டேன் என்று சொல்ல முடியுமா? “என் பாக்கியம்,” என்று பல்லைக் காட்டினார் வைத்தியர்.

அமாவாசை வந்தது. சபையில் வைத்தியர் கஷாயத்தை நீட்டினார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

“ஏன் ஆறிப்போயிருக்கிறது?” என்றார் ராஜா.

“ஆறினால் ஐயாவுக்கு இறங்காதோ? நீரெல்லாம் ஒரு ராஜா, உமக்கு ஒரு கஷாயம்,” என்று கத்தியபடி கிண்ணத்தை விட்டெறிந்தார் வைத்தியர். அப்படியே தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று. ஆனால் அந்த அழுகை அவருக்குத் தெரிந்த அழுகை. கை தானாகக் கீழே இறங்கியது.

“இவருக்குச் செய்வினை வைத்தது யார் மகாராஜா?” என்றார் பெருநம்பி. “நான் இவர் பக்கமே போகவில்லை. தங்கள் வயிற்றுக் குடிகளைப் போலவே இவர் வயிற்றுக் குடிகளும் போய்விட்டார்கள், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து உள்ளேயே இருந்து, சோற்றைச் செரிக்கவைத்து, மூளைக்கு நல்ல சேதி அனுப்பிவந்த ஜனம் அது. அவர்களைக் காலிசெய்துவிட்டு மனசு மட்டும் நன்றாக இருக்கவேண்டும் என்றால் எப்படி?”

வைத்தியர் தலை நிமிரவில்லை. “மந்திரி மேல் இருந்த பொறாமையில் சொன்னேன். இது தலை வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியாது,” என்றார்.

ராஜாவுக்கோ பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது. “அப்பாடா. அப்படியானால் காயாம்பூவை விரட்டியது நான் இல்லை. என் வயிறுதான்.”

“அப்படியே இருக்கட்டும்,” என்றார் மந்திரி. “வயிறே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டும். ஆனால் அதற்குக் கால் இல்லை, தாங்கள்தான் சுமந்துபோகவேண்டும். இந்தச் சீமையில் உறைமோர் மிச்சம் இருப்பதும் அவள் வீட்டில்தான்.”

ராஜாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இத்தனை பேர் முன்னால் இப்படி ஒரு சாக்குச் சொன்னோமே என்று கூசினார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார்.

பல்லக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ராஜா முன்னே நடக்க, வெறும் கலயத்தைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் பின்னே நடக்க, ஊரே தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆற்றைத் தாண்டிக் காயாம்பூவின் குடிசை வாசலில் போய் நின்றார்கள்.

“ஒரு கரண்டி உறைமோர் வேணும், தாயே,” என்றார் ராஜா. “நான் செய்தது தப்பு. மன்னிக்கணும்.”

காயாம்பூ கலயத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு கரண்டி மோரை ஊற்றிக்கொண்டுவந்து நீட்டினாள்.

“உறைக்கு மோர் கேட்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புற வழக்கம் எங்களுக்கு இல்லீங்க சாமி. மன்னிப்பு வேற. அதை நாளைக்கு வந்து கேளுங்க.”

ராஜா தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். மறுநாளும் நடந்து போனார். அதற்கு மறுநாளும் போனார். பால் ஒரே ராத்திரியில் உறைந்துவிட்டது. மன்னிப்புக்குத்தான் அடுத்த மழைக்காலம் வரைக்கும் நடக்கவேண்டியிருந்தது.