முதல் கார்டு

"கிழிச்சாச்சா?" என்று டீச்சர் கேட்டார்.

அருணகிரி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நாற்பத்துநாலு வயசு ஆள். மாட்டிக்கொண்டால் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

"எதை டீச்சர்?"

"கையில இருக்கிறதை."

நாலு துண்டு. மேஜைமேல் வைத்தார். டீச்சர் அதைத் தொடவில்லை. மரப்பெட்டியைத் திறந்து மேலாக இருந்த கார்டை எடுத்தார். மை இன்னும் சரியாகக் காயவில்லை.

"இது உங்க கையெழுத்து."

"ஆமா."

"பேரும் உங்க பேர்."

அருணகிரி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே உப்பளம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் உலக வரலாறு சொல்லிக்கொடுத்தார்கள். குரு என்றதும் தாடி, காவி என்று நினைக்க வேண்டாம். டீச்சர், அவ்வளவுதான். அங்கே படிக்க வந்த அருணகிரியைவிட ஆறு வயசு சின்னவர். அங்கே தேதி, ராஜா பெயர் எல்லாம் அப்புறம். முதலில் வார்த்தைகள். பேரரசு, முற்றுகை, உடன்படிக்கை, பஞ்சம், புரட்சி. இது தெரியாமல் எந்த நாட்டு வரலாற்றையும் திறக்க முடியாது என்பார் டீச்சர். ஒரு வார்த்தைக்கு ஒரு கார்டு. முன்பக்கம் வார்த்தை. பின்பக்கம் அர்த்தம், அதற்குக் கீழே எழுதினவர் பெயர். யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். டீச்சர் ஒன்றைத்தான் பெட்டியில் போடுவார்.

ஒவ்வொரு ஜூன் மாசமும் புது ஆட்கள் வரும் முதல் நாள் டீச்சர் வாயே திறக்கமாட்டார். ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். எழுதினவர் எழுந்து நின்று அதை வாசிக்க வேண்டும். அதுதான் முதல் பாடம். ஒன்பது வருஷமாக வாசித்தது அருணகிரி. ஒன்பது வருஷமும் 'பேரரசு'. அதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தார்.

இந்த வருஷம் டீச்சர் எடுத்து வைத்தது 'அகதி'. எழுதியது நிரோஜினி. வந்து நாலு மாசம்தான் ஆகிறது. பத்தொன்பது வயசு. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாமில் பிறந்தவள்.

'அகதி'க்கு அருணகிரியும் ஒரு கார்டு எழுதியிருந்தார். போர், ஒடுக்குமுறை ஆகிய காரணங்களால் தாய்நாட்டை விட்டு வெளியேறி அயல்நாட்டில் தஞ்சம் புகுந்தவர். ஒரு பிழை கிடையாது. டீச்சர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நிரோஜினி எழுதியது ஒரே வரி. தணிக்கை நாளில கல்யாணம் வைக்க ஏலாத ஆக்கள்.

தணிக்கை என்றால் முகாமில் ஆட்களை எண்ணும் நாள். அதிகாரி வந்து பெயர் பெயராகக் கூப்பிடுவார். ஆள் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அவள் அக்கா கல்யாணத்தை அதற்காக இரண்டு தடவை தள்ளிப்போட்டார்களாம்.

திங்கட்கிழமை புது ஆட்கள் வருகிறார்கள். இன்று சனி. அவள் கார்டுதான் மேஜைமேல் நாலு துண்டாகக் கிடந்தது.

டீச்சர் மை காயாத கார்டை வாசித்தார். "முகாம் தணிக்கை நாளன்று திருமண நிகழ்வு நடத்த இயலாத நபர்."

அருணகிரி மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"திருடினதுதான் திருடினீங்க. அந்தக் கல்யாணத்தை ஏன் திருமண நிகழ்வு ஆக்கினீங்க?"

"அது பேச்சு வழக்கு டீச்சர். திருத்தினேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அருணகிரிக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சிரிங்க. அவ எழுதினதை வாசிச்ச அன்னைக்கு நீங்க கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தீங்க. நான் பார்த்தேன். ஒன்பது வருஷத்துல என் கார்டுக்கு ஒருநாளாவது கண்ணாடியைக் கழட்டியிருக்கீங்களா?"

"இல்லை."

"பார்த்தீங்களா!"

"அதை எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா, எண்ணினேன். இப்ப என்ன? அவளுக்கு என்ன டீச்சர், முகாம்ல பிறந்துட்டா. வார்த்தை வீட்டுக்குள்ளயே கிடக்கு. எடுத்து எழுதிட்டா. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை."

சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார்.

மாடியில் நிரோஜினி நடக்கும் சத்தம் கேட்டது. வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரே வரி. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சரி, நேராவே கேட்கிறேன்" என்றார் அருணகிரி. "என் கார்டுல என்ன தப்பு?"

"தப்பே இல்லை."

"பின்னே?"

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்காரவில்லை.

"ஒரு ராஜா பதினொரு மாசம் ஒரு கோட்டையை வளைச்சு நின்னு பிடிச்சான். பிடிச்ச கையோட அகராதி போடணும்னு ஆசை வந்துடுச்சு. முற்றுகைன்னா என்னன்னு கேட்டான். கோட்டைக்குள்ள சோறும் தண்ணியும் போகாம அடைக்கிறதுன்னு தளபதி சொன்னான். புலவன் அதையே இன்னும் அழகாச் சொன்னான்."

"ரெண்டும் சரிதானே?"

"சரிதான். கோட்டைக்குள்ள சமையல் வேலை பார்த்த ஒருத்தி அங்க பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. சும்மா அவளையும் கேட்டாங்க. அந்த வருஷம் பிறந்த நாய்க்குட்டிகளுக்கு நாங்க பேர் வைக்கலைன்னு சொன்னா."

"ஏன் வைக்கலை?"

"அவ சமையல்காரி" என்றார் டீச்சர். அருணகிரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"ராஜா எதை எழுதினான்?"

"தளபதி சொன்னதை. அகராதி அவனோடதாச்சே."

டீச்சர் இழுப்பறையிலிருந்து இன்னொரு கார்டை எடுத்தார். பழசு, ஓரம் மஞ்சளாகியிருந்தது. முன்பக்கம் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதியிருந்தது. பின்பக்கம் காலி.

"இதுக்கு அஞ்சாறு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. எதையும் நான் பெட்டியில போடலை. இப்ப நீங்க எழுதுங்க."

அருணகிரியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பேனாவைத் திறந்தார். எழுதுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "ஒரு நாடு தன் படைபலத்தால் மற்றொரு நாட்டின் நிலப்பரப்பை..."

"யாரைக் கேட்டுச் சொல்றீங்க?"

"யாரைக் கேட்கணும்? எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு."

"இன்னைக்கு அது யாருக்கு நடந்துச்சோ அந்த ஆளு மாடியில இருக்கு. போய்க் கேளுங்க."

அருணகிரி மேஜையைப் பார்த்தார். நாலு துண்டும் அப்படியே கிடந்தன.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும். நடந்ததைச் சொல்லுங்க. அவ என்ன சொல்றாளோ அதை எழுதிக்குங்க. ஒரு வார்த்தையும் திருத்தாதீங்க."

"அவ அழுதுட்டா?"

"அழுததை எழுதுங்க."

"ரெண்டு திட்டு திட்டினா?"

"அந்த ரெண்டையும் எழுதுங்க."

அருணகிரி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுதிட்டு வந்தா?"

"திங்கட்கிழமை முதல் கார்டு அதுதான். எழுதினவர்தானே வாசிக்கணும்? நீங்கதான் வாசிப்பீங்க."

"நானா?"

"நீங்கதான்."

"அப்போ அவ?"

"உங்களுக்கு அடுத்து."

அவர் ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"எழுதலைன்னா?"

"எழுதலைன்னா அவதான் முதல்ல வாசிப்பா. இந்த நாலு துண்டையும் கையில வச்சுக்கிட்டு. யார் கிழிச்சதுன்னு புது ஆளுங்க கேட்டா நான் சொல்லமாட்டேன். உங்களைப் பார்ப்பேன். போங்க அருணகிரி, மை காயறதுக்குள்ள போயிட்டு வாங்க."

மாடிக்குப் பதினாலு படி. அருணகிரி நடுவில் ஒருமுறை நின்றார். சட்டைப்பையில் கார்டு, கையில் பேனா. மேலே ஏறினார்.

நிரோஜினி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கையில் கார்டுக்குப் பதிலாக ஒரு பஸ் டிக்கெட். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணை, நல்ல நேரம் வந்தீங்கள். கார்டை எந்தக் கையில பிடிக்கிறது?"

"வலது கையில."

"கை நடுங்கினா?"

"கட்டைவிரலை அடியில கொடு. நடுங்காது."

அவள் பஸ் டிக்கெட்டை அப்படிப் பிடித்துப் பார்த்தாள்.

"நீங்கள் வாசிக்கிற மாதிரி எனக்கு வராது அண்ணை. அம்மா வேற திங்கட்கிழமை வேலைக்குப் போகேல்லை எண்டு சொல்லிட்டா. நான் வாசிக்கிறதைக் கேக்க வாறாவாம். என்ர பேரை முதல்ல கூப்பிடுவினம் எண்டு சொன்னேனா, தணிக்கைக்குக் கூப்பிடுறது மாதிரியோ எண்டு கேக்கிறா."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அருணகிரி சிரிக்கவில்லை.

"நிரோஜினி."

"ஓம் அண்ணை?"

பேனாவைத் திறந்தார். அவள் காத்திருந்தாள். கீழே டீச்சர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"சத்தமா வாசி. இல்லைன்னா பின்வரிசைக்குக் கேட்காது."

"சரி அண்ணை."

பேனாவை மூடினார். படியிறங்கி வந்தார். டீச்சர் கையை நீட்டினார். அருணகிரி சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

டீச்சர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.