சத்தம் வராத கிரைண்டர்

கோவை கணபதியில், ஒரு தையல் கடையின் மாடியில் ரோஸ்லின் என்ற பெண் வகுப்பு நடத்திவந்தாள். போனில் வீடியோ எடுத்துத் தங்கள் சரக்கை விற்க நினைக்கும் சின்ன வியாபாரிகள்தான் அவளுடைய சீடர்கள். வயது இருபத்தெட்டு. ஆனாலும் எல்லோரும் அவளைக் குரு என்றே சொன்னார்கள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது.

ஐம்பத்து மூன்று வயதில் அங்கே சீடராகச் சேர்ந்தார் கிரைண்டர் பட்டறை சென்னியப்பன். நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, சத்தம் போடாத ஒரு கிரைண்டரைச் செய்திருந்தார். வாங்கத்தான் ஆள் இல்லை. ஆடி முடிவதற்குள் ஆர்டர் வராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு, பெரிய கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராகப் போவதாக மைத்துனரிடம் சொல்லிவிட்டார். அதை நினைத்தாலே மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அம்மணி, எந்தக் கேமரா வாங்குனா என்ற கிரைண்டர் விக்குமுங்க?"

அவர் கையில் கேமராக் கடையில் கொடுத்த தடித்த கேட்லாக் இருந்தது. ரோஸ்லின் அதை வாங்கினாள். பிரித்துப் படிக்கவில்லை. மேஜைமேல் நிற்க வைத்து, அவருடைய போனை அதில் சாய்த்தாள்.

"ஸ்டாண்டு வந்திருச்சுங்ணா. கேமரா உங்க பாக்கெட்டுலயே இருந்திருக்குது. ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க."

மறுவாரம் வந்தார். போன் போதும் என்று தலையாட்டிவிட்டுப் போனவர், மனசு கேட்காமல் வட்ட விளக்கு ஒன்றை வாங்கியிருந்தார். வீடியோவில் எவர்சில்வர் டிரம்மில் ஒரு வெள்ளை வளையம், அவர் மூக்குக் கண்ணாடியில் இரண்டு.

"கிரைண்டர் எங்கீங்ணா?"

"அந்த வெளிச்சத்துக்குப் பின்னால இருக்குதுங்க."

"உங்க வீட்டு ஜன்னல் எந்தப் பக்கமுங்க?"

"கெழக்க."

"காலையில எடுங்க. ஜன்னல்ல ஒரு வேட்டியைக் கட்டிக்குங்க. வெளிச்சம் கண்ணைக் குத்தாது."

சென்னியப்பன் நோட்டில் எழுதிக்கொண்டார். "புது வேட்டிங்களா, பழசுங்களா?"

"வெள்ளையா இருந்தாப் போதுமுங்ணா."

மூன்றாம் வாரம் வீடியோ பளிச்சென்று இருந்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்றும் வாங்கியிருந்தார். குரல் கணீரென்று கேட்டது. ஆனால் சென்னியப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

"நாப்பத்தொரு பேரு பாத்திருக்காங்க அம்மணி. அதுல முப்பது பேரு என்ற சொந்தக்காரங்க. ஒருத்தரும் வெல என்னன்னு கேக்கல. இன்னும் பெரிய மைக்கா வாங்கோணுமுங்களா?"

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு நான் வர்றனுங்ணா."

சொன்னபடி வந்தாள். ஜன்னலில் வேட்டி கட்டியிருந்தது. கேட்லாக்மேல் போன் சாய்ந்திருந்தது. சென்னியப்பனின் மனைவி தெய்வானை, ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் முக்கால்வாசி ஆட்டிவிட்டு, ஐந்தடி தள்ளி சுவிட்சில் கை வைத்து நின்றாள்.

கிரைண்டர் ஓடியது. சென்னியப்பன் விரலைத் தூக்கினார். தெய்வானை சுவிட்சை அணைத்தாள். அவர் போனைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாருங்க, இந்தக் கிரைண்டர்ல சத்தமே வராதுங்க!" என்றார்.

ரோஸ்லின் கேட்டாள். "எதுக்குங்ணா நிறுத்துனீங்க?"

"நான் பேசறது கேக்கோணுமல்லங்க?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தெய்வானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சென்னியப்பன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அதில்லீங்க அம்மணி. ஒரு சின்ன உறுமல் இருக்குதுங்க. எங்கிருந்து வருதுன்னு இன்னும் புடிபடல. மைக்குல அது உளுந்திருச்சுன்னா மானம் போயிருமுங்க."

ரோஸ்லின் பக்கத்தில் வந்தாள். அவர் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றி டப்பாவில் போட்டாள். போனைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

"அக்கா, சுவிட்சைப் போடுங்க. அண்ணன் விரலைத் தூக்குனாலும் நிறுத்தாதீங்க."

கிரைண்டர் ஓடத் தொடங்கியது.

"அண்ணா, அக்காகிட்ட ஏதாச்சும் கேளுங்க. உக்காந்த எடத்துல இருந்தே. மெதுவா."

"என்னத்தைக் கேக்கறதுங்க?"

"எப்பவும் கேக்கறதைக் கேளுங்க."

சென்னியப்பன் கிரைண்டர் பக்கம் திரும்பினார். கல் சுற்றுவதைப் பார்த்தார். பழைய கிரைண்டர் ஓடும்போதெல்லாம் தெய்வானைக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். வாசலுக்குப் போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாவு ஆட்டும் நாளெல்லாம் அவர் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான். அந்தக் கேள்விக்காகத்தான் அந்த நாலு வருஷமும்.

"தெய்வானை," என்றார் தணிந்த குரலில். "தலை வலிக்குதா?"

"இல்லீங்க," என்றாள் அவள், அதைவிட மெதுவாக. பிறகு டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, "மாவு ஆயிருச்சாட்ட இருக்குது," என்றாள்.

சென்னியப்பன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரிங்க அம்மணி, ஆரம்பிக்கலாமுங்களா?"

ரோஸ்லின் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எல்லாம் அதில் பதிவாகியிருந்தது.

சென்னியப்பன் பார்த்தார். அனுப்பும் பட்டன்மேல் விரல் போனது. பாதி வழியில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டு, போனைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டார். ஆடி முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

"அந்த உறுமல் கேக்குதுங்களே அம்மணி."

"ஆமாங்ணா, கேக்குது," என்றாள் ரோஸ்லின். "அதுக்கும் மேல, அக்கா மெதுவாப் பேசுனது கேக்குது."

சென்னியப்பன் போனைக் காதிலிருந்து எடுத்தார். பட்டனை அழுத்தினார்.