பேர் தெரியாத கோல்

ஏற்காட்டு எஸ்டேட் முதலாளி தணிகாசலத்துக்குப் பழைய பில்லியர்ட்ஸ் கோல்கள் என்றால் பைத்தியம். ஊர் பேர் தெரியாத ஆட்கள் செய்த கோலாகத் தேடிப்பிடித்து வாங்குவார்.

ஒருநாள் கிளப்பில், தன் சிநேகிதரான ரிட்டயர்டு இன்ஸ்பெக்டரிடம் புதிதாக வாங்கிய கருங்காலிக் கோலைக் காட்டினார். செய்தவன் யாரென்று இருவருக்கும் தெரியவில்லை. ஆட்டத்துக்குப் புள்ளி எழுதும் இன்னாசியை முதலாளி கூப்பிட்டார்.

"கோலைத் தொடாம, செஞ்சவன் பேரைச் சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

இன்னாசி கைகட்டி நின்றான். "அடியில இருக்கிற பூணைக் கழட்டுங்க முதலாளி. எடைக்காக உள்ளே ஈயம் வெப்பாங்க. அதைப் பார்த்துச் சொல்றேன்."

முதலாளியே கழற்றினார். மேஜையின் பச்சைத் துணிமேல் ஏழு ஈயக் குண்டுகள் உருண்டன. வேட்டைத் துப்பாக்கிக் குண்டுகள். அவர் முகம் செத்துப்போயிற்று.

"செஞ்சது என் தம்பி சூசை. இருபது வருஷத்துக்கு முந்தி உங்க வேட்டைக்குப் பன்னி விரட்ட வந்தவன். தன் கால்லேர்ந்து நோண்டி எடுத்ததைத்தான் உள்ளே வெச்சான். கால் புண்ணு சீழ் பிடிச்சு, கோல் முடிஞ்ச வாரம் அவனும் முடிஞ்சான். நீங்க வாங்குற கடையில இதைக் கொண்டு வெச்சது நான்தான்."

பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"மூங்கில் குத்திச் செத்தான்னு எழுதினீங்களே ஐயா. எத்தனை மூங்கில்னு எண்ணிக்குங்க."