கற்பூரத் தீவுக்குப் போன தரகி

ஆமைகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த முன்னொரு காலத்தில், நீலத்துறைப் பட்டினத்தில் வஞ்சி என்றொரு தரகி இருந்தாள். கடல் கடந்து சரக்கு வைத்திருப்பவரையும் இங்கே அதை வாங்குபவரையும் சேர்த்துவைப்பது அவள் பிழைப்பு. நிலமில்லை, கப்பலில்லை. யார் எங்கே இருக்கிறார் என்று தெரியும், அவ்வளவுதான்.

மூடுபனிக்கு அப்பால் இருக்கும் கற்பூரத் தீவுக்கு வழி அவளுக்கு மட்டுமே தெரியும். அங்கே கற்பூர மரங்களைக் காக்கும் மாயக்காரி மங்கலை, வஞ்சி அழைத்துவரும் ஆளோடுதான் வியாபாரம் பேசுவாள்.

சாத்தப்பன் என்ற வணிகன் வந்து கெஞ்சினான். "என்னைக் கூட்டிக்கிட்டுப் போம்மா. உன்னை மறக்கமாட்டேன்."

"வாய்ப்பேச்சு போதாதுங்க ஐயா" என்று வஞ்சி அவனைக் கடற்கரையிலிருந்த கிழ ஆமையிடம் கூட்டிப்போனாள்.

ஆமை கேட்டது: "வழியை வெளியே சொல்வாயா?"

"சொல்லமாட்டேன்."

"இவளை விட்டுவிட்டுப் போவாயா?"

"போகமாட்டேன்."

"வேறொருவனை அனுப்புவாயா?"

"மாட்டவே மாட்டேன்."

"மகளே, நீயும் தீவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது. சொல் மீறியவருக்குக் கரை கிடையாது" என்றது ஆமை வஞ்சியிடம்.

ஒருமுறை சேர்ந்து போனார்கள், மறுமுறையும் போனார்கள். மூன்றாம் முறை வஞ்சி மூட்டையோடு துறைக்கு வந்தாள். கப்பல் இல்லை. அவளுக்குப் பங்கு கொடுக்க மனமில்லாமல் சாத்தப்பன் தனியே போய்விட்டான்.

மாதங்கள் போயின. கப்பல் திரும்பவில்லை. மாலுமிகளின் மனைவிமார் அவள் வாசலில் வந்து அழுதார்கள். அரசன் அழைத்தான்.

"எந்தத் தீவு? வழியைச் சொல். அவனைப் பிடித்து வருகிறேன்."

அரசனின் படை போனால் கோடரிகளும் போகும். ஒரு மரம் மிஞ்சாது. ஏமாந்தது தான்தான் என்று சொன்னால் தீவுக்கு வழியும் வெளிவரும்; அதனால் அதைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

"சொல்லமாட்டேன் மகாராஜா."

ஊரைவிட்டுத் துரத்தினார்கள். பசியோடு நடந்து அவள் ஆமையிடம் வந்தாள்.

"தப்பு செஞ்சது அவன். மாலுமிங்க ஏன் சாகணும்?"

"கப்பல் பனிக்குள் கரை தெரியாமல் சுற்றுகிறது. அவன் யாரை ஒதுக்கினானோ அவள் கூப்பிட்டால் வரும். ஆனால் பனிக்குள் போகிற நீ திரும்புவாயா என்று எனக்குத் தெரியாது."

"போகலாம்" என்றாள்.

ஒரு குடம் தண்ணீரோடு ஆமையின் முதுகிலேறிப் பனிக்குள் போய்க் கூப்பிட்டாள். அலைச் சத்தம்தான் கேட்டது. மறுபடி கூப்பிட்டாள். யாரோ அழுதது கேட்டது. மூன்றாம் முறையும் கூப்பிட்டாள். கப்பல் வந்தது. சாத்தப்பன் தலை வெளுத்திருந்தது. தாகத்தால் பல மாலுமிகள் இறந்திருந்தார்கள்.

"மன்னிச்சிரும்மா" என்று காலில் விழுந்தான்.

"முதல்ல இவங்களுக்குத் தண்ணி கொடுங்க" என்று தன் குடத்தை நீட்டினாள் வஞ்சி.

பனி கலைந்தது. நீர்மேல் நடந்து வந்த மங்கலை சொன்னாள்: "எங்களைக் காட்டிக்கொடுக்காதவளே, இனி நீ சொல்லாமல் ஒரு துண்டு கற்பூரமும் தீவைவிட்டுப் போகாது."

துறையில் சாத்தப்பன் ஊர் கேட்கத் தன் குற்றத்தைச் சொன்னான். அரசன் தலைகுனிந்து, வஞ்சிக்கு ஒரு கப்பலே கொடுத்தான்.

அவள் அதில் ஏறவில்லை. இறந்தவர்களின் மனைவிமார் இன்னும் கடலையே பார்த்து நின்றார்கள். பிழைத்தவர்களிடம் கேட்டு வைத்திருந்ததை, அவரவர் கணவன் கடைசியாகச் சொன்னதை, வஞ்சி ஒவ்வொருத்தியின் அருகிலும் உட்கார்ந்து சொன்னாள். பொழுது சாயும்வரை சொன்னாள்.